முதல் வேண்டுதலைக் கேளாதேயும்

என் வீட்டுக்காரர் செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். கோபத்தில் வாய் தவறிச் சொன்னதல்ல. தபசு காலத்து வெள்ளிக்கிழமை, இதே கோயிலில், சிலுவைப் பாதையில் முழந்தாளிட்டு, நன்றாக யோசித்து வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. சாட்சி சொல்லச் சொல்லிச் சுவாமியார் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். இந்தச் சவரியம்மாளுக்கு வாய் நீளம் என்று ராயபுரம் முழுக்கத் தெரியும். குழாயடிச் சண்டைக்கு நீளுகிற வாய், இதற்கு மட்டும் திறக்கவில்லை. போன வாரம் ஒன்று நடந்தது. அதனால்தான் இன்றைக்கு நானாக வந்து நிற்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் ஹார்பரில் மூட்டை இறக்குகிற வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடி உண்டு. குடித்தாலும் கை நீட்டமாட்டார், சத்தம் போடமாட்டார், சிரித்துக்கொண்டே வந்து படுத்துவிடுவார். ஆனால் குடிக்காத நாள் கிடையாது. பட்டணத்துக்கு மதுவிலக்கு வந்தபோது நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். குடி நின்றுவிடும் என்று நினைத்த பைத்தியக்காரி நான். குடி நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். கள்ளச்சாராயம் கிடைக்காத நாளில் இவரும் கூட்டாளிகளும் வார்னிஷ் குடித்தார்கள். ஒருமுறை போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் அவரைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தது. எங்கள் பெண் குழந்தை லூர்துக்கு அப்போது நாலு வயது. அப்பா கப்பலில் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். கப்பல் ஏணியில் சறுக்கிவிட்டது. மூட்டை தோளில் விழுந்துவிட்டது. வெயில் மண்டையில் இறங்கிவிட்டது. தள்ளாடிக்கொண்டு வருவார், கேட்பதற்கு முன்னாலேயே காரணத்தைச் சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிற்று.

அந்த வருஷம் விபூதி புதன் அன்று என்ன தோன்றியதோ, நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றார். கிராதியில் கை வைத்து, இனி சாகிறவரை தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். நான் பின்னாலேயே நின்றேன். தோள் குலுங்க அழுதார். உங்களில் பலர் அன்றைக்கு அதைப் பார்த்தீர்கள்.

மூன்று வாரம் முழுசாக நிறைவேற்றினார். கை நடுங்கிற்று, சட்டையெல்லாம் வேர்த்துக் கொட்டிற்று, சோறு இறங்கவில்லை, ஆனாலும் தொடவில்லை. சாயந்திரம் வரும்போது லூர்துக்கு வேர்க்கடலை வாங்கிவருவார். நான் சந்தோஷப்படவே பயந்தேன். சந்தோஷப்பட்டால் கண் பட்டுவிடும் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வாசலில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் ஹார்பர் சங்கு ஊதித்தான் அவர் வருவது வழக்கம். அன்றைக்கு அந்த நேரத்திலேயே சந்து முனையில் தெரிந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கிட்டே வந்ததும் சாராய வாசனை குப்பென்று அடித்தது.

ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

"தலைல தட்டிடுச்சிமே" என்றார்.

"எது? ஏணியா, மூட்டையா?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். அப்புறம் "தெர்ல" என்றார். எப்போதும் காரணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வருகிற மனுஷன், அன்றைக்குக் காரணம் தெரியாமல் நின்றார். அது ஒன்று போதாதா எனக்கு? நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். காலையில் குடித்த கஞ்சிதான் வந்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவியது நான்தான். அதில் சாராய நாற்றம் இல்லை என்பது என் மூக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் வந்தால் மூக்கும் அடைத்துப்போகும் போலிருக்கிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். சங்கு ஊதிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். உடனே மறுபடியும் அதையே கேட்டார். நாலு தடவை, ஐந்து தடவை கேட்டார்.

அந்த நேரம் பார்த்து லூர்து விளையாடிவிட்டு ஓடிவந்து அவர் மடியில் விழுந்தாள். அவர் குழந்தை முகத்தையே பார்த்தார். "யார் வூட்டுப் புள்ளமே இது?" என்றார்.

குழந்தை அழுதுகொண்டு என் முந்தானைக்குள் வந்து ஒளிந்தாள். பெற்ற பெண்ணைத் தெரியாத அளவுக்கா குடிப்பான் ஒருவன் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குடத்தோடு தண்ணீரைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தேன். கழுத்தோரம் கொஞ்சம் சிவப்பாக ஓடிற்று. எங்கேயோ விழுந்திருக்கிறார், குடித்தால் விழத்தானே செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் தெருவுக்கு இதெல்லாம் பழக்கம். யார் வீட்டு ஆண்பிள்ளை தள்ளாடி வந்தாலும், நாலு பெண்கள் கூடி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவோம். வாசலில் சாணித் தண்ணீர் தெளித்து வாசனையை மறைப்போம். மோர் கொடுத்துத் தூங்கவைப்போம், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டோம். வாயை மோந்து பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அன்றைக்கும் அக்கம்பக்கம் ஓடி வந்தது. அதே மாதிரி எல்லாம் செய்தோம். பாசத்தில்தான் செய்தோம், உங்களை நான் குறை சொல்லவில்லை. மோர் உள்ளே போனதும் வாந்தியாக வந்துவிட்டது. அவரைப் பாயில் தள்ளினேன்.

படுத்தபடியே என் கையைப் பிடித்தார். நாக்கு குழறிற்று.

"குடிக்கல சவரி. மாதா மேல சொல்றேன்."

நான் கையை உதறினேன். "அந்த வாயால மாதா பேரச் சொல்லாத" என்றேன்.

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயந்திரம் லூர்தைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சிலுவைப் பாதைக்கு வந்தேன். வரும்போதே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பன்னிரண்டாம் ஸ்தலத்தில் எல்லோரும் முழந்தாளிட்டு மௌனமாக இருந்தோம். அப்போதுதான் கேட்டேன். ஆண்டவரே, உம்முடைய தாயார் முன்னால் பண்ணின சத்தியத்தையே மீறிவிட்டான். இனி இவன் திருந்தமாட்டான். என் பெண்ணுக்கு இப்படி ஒரு அப்பா வேண்டாம். எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் கேட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டுவிட்டு மனசு லேசாகி எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கன்னியம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருவாளே, அவள்தான். நாம் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டோம் என்று, வெள்ளிக்கிழமை மட்டும் சாயந்திரமும் ஒரு நடை நம் தெருவுக்கு வருவாள். மீன் வேண்டாம், மனசு சரியில்லை என்றேன். உள்ளே யார் என்று கேட்டாள். குடித்துவிட்டுக் கிடக்கிறது என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இது குடிச்சவன் குறட்ட இல்ல தங்கச்சி" என்றாள்.

கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. அவரைப் புரட்டினாள், கன்னத்தில் தட்டினாள், தொடையில் கிள்ளினாள். அவர் அசையவே இல்லை. விளக்கைக் கொண்டுவரச் சொன்னாள். மீன் செதில் ஒட்டிய விரலால் அவருடைய இரண்டு கண்ணையும் திறந்து பிடித்தாள்.

"பாரு. ஒரு கண்ணுல மணி பெர்சா கீது. ஒண்ணு சின்னதா கீது. குடிச்சா ரெண்டு கண்ணும் ஒண்ணாத்தான் சொக்கும். இன்னிக்கி தலைல அடி பட்டுச்சா?"

தட்டிடுச்சிமே என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. மத்தியானம் சொன்னது, சாயந்திரம் விழுந்தது.

கன்னியம்மாவின் புருஷனைக் கட்டுமரம் கரையேறும்போது துடுப்பு பின்மண்டையில் அடித்ததாம். எழுந்து உட்கார்ந்து சிரித்தானாம். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டு, தலைவலிக்கிறது என்று வாந்தி எடுத்து, படுத்தவன் இப்படித்தான் குறட்டை விட்டானாம். அசதி, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டாளாம். மறுநாள் எழுந்திருக்கவில்லை. இதை அவள் நின்று நிதானமாகச் சொல்லவில்லை. அவர் காலைத் தூக்கிக்கொண்டே சொன்னாள், தலைப்பக்கம் என்னைத் தூக்கச் சொல்லிக்கொண்டே சொன்னாள்.

ரிக்‌ஷாக்காரர் சாராய வாசனை அடித்ததும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வரமாட்டேன் என்றார். கன்னியம்மா விட்ட வசவில் வண்டியைத் திருப்பினார். அந்த வசவை இங்கே சொல்ல முடியாது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வண்டிக்கு முன்னால் ஓடினாள். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் குனிந்து மோந்துவிட்டு, குடியா என்று கேட்டார். கன்னியம்மாதான் "கண்ணப் பாருங்க சாமி" என்றாள். டாக்டர் பார்த்தார். பார்த்த மறுநிமிஷம் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

மண்டைக்குள் ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது, துளை போட்டு எடுக்க வேண்டும், பிழைத்தால் கடவுள் செயல் என்றார்கள். காகிதத்தில் கைநாட்டு வைத்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். விரல் நிற்கவில்லை, அதனால் கைநாட்டு.

வராந்தாவில் தரையில் விழுந்தேன். செபமாலை எடுத்துவரவில்லை. பரலோக மந்திரம் பாதியில் மறந்துபோயிற்று. எனக்கு ஒரே பயம்தான். நான் கேட்டது ஆண்டவர் காதில் விழுந்துவிட்டது, அவர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷமாக எவ்வளவோ கேட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இதை மட்டும் உடனே கொடுக்கிறீரே என்று தரையில் முட்டிக்கொண்டேன். முதல் வேண்டுதலைக் கேளாதேயும் ஆண்டவரே. அது என் வேண்டுதல் இல்லை, என் கோபம். உயிரை மட்டும் விட்டுவையும். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன், எப்படிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மாதா முகத்தை நினைக்கவே எனக்குக் கூசிற்று. அவள் பேரைத்தானே சொல்லாதே என்றேன்.

மறுநாள் காலையில் அவருடைய தோஸ்து மாணிக்கம் வந்தான். அவரோடு ஒரே கூட்டத்தில் மூட்டை இறக்குகிறவன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கிட்டே வராமல் அழுதான். கிரேன் கொக்கி வீசி வந்து அவர் பின்மண்டையில் பட்டதாம். விழுந்தவர் ஒரு பீடி குடிக்கிற நேரம் நினைவில்லாமல் கிடந்தாராம். எழுந்ததும், ஒன்றுமில்லை, யாரிடமும் சொல்லாதே என்றாராம். அடிபட்டவனை மேஸ்திரி மறுநாள் வேலைக்குப் பேர் கூப்பிடமாட்டான், அந்தப் பயம். ரத்தம் வந்ததால், மாணிக்கம் தன் இடுப்பில் ஒளித்து வைத்திருந்த சாராய சீசாவைத் திறந்து காயத்தில் ஊற்றிக் கழுவியிருக்கிறான். சட்டையெல்லாம் அதில்தான் நனைந்தது.

"மிச்சம் ஒரு மடக்கு கீது, குடிச்சுக்கோ அருளு, வலி தெரியாதுன்னு சொன்னேன் அண்ணி" என்றான். "வாணாம், மாதாவுக்குச் சத்தியம் பண்ணிகீறேன்னு சொல்லிட்டாரு."

மண்டை உடைந்து, நின்ற இடம் தெரியாமல் நிற்கும்போதும், பெற்ற பெண்ணின் முகம் மறந்துபோன பிறகும், அந்தச் சத்தியம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. நான் அவர் வாயைத்தான் அடைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். என் பேர் சொன்னார். ஆண்டவர் என் இரண்டாம் வேண்டுதலைக் கேட்டார். மீன் கூடையோடு ஒருத்தியை என் வாசலில் உட்காரவைத்தபோதே, நான் கேட்பதற்கு முன்னாலேயே, அவர் கேட்டுவிட்டார் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது சந்தோஷமான கதை. இதற்கு அப்புறம் நான் செய்ததுதான் பெரிய பாவம்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு அடியோடு மறந்துபோயிற்று. காலையில் கஞ்சி குடித்தது வரைக்கும் ஞாபகம், அதற்கு மேல் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், இனிமேலாவது குடிக்காதே அருளப்பா, மாதா உன்னை ஒருமுறை விட்டுவைத்தாள் என்று புத்தி சொன்னார்கள். அவர் நம்பிவிட்டார். சுவாமியார் ஆஸ்பத்திரிக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தபோது வாயைத் திறக்கவில்லை. சத்தியத்தை மீறிட்டேன் சாமி, நான் வாங்கக்கூடாது என்று அழுதார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். பேசாமல் நின்றேன். அவர் குடிக்கவில்லை என்று சொன்னால், நான் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் எதற்கு வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. சீசா விஷயம் வெளியே போனால் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாணிக்கமும் ஊமையாகிவிட்டான்.

குருத்து ஞாயிறு அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடது கை விழுந்துபோயிருந்தது, இடது காலும் இழுத்தது. அந்த வாரமே, பெரிய வியாழன் காலையில், மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிடப் பார்த்துக் குப்புற விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். மன்னிப்புக் கேக்கணும்மே, என்னைப் புடிச்சுக்கோ என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி, சீசா, வாணாம் என்று அவர் சொன்னது, கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னது, நான் உதறியது, எல்லாம்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"குடிக்கலயா நானு?" என்றார். "நெசமாவா? இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு தபா சொன்னேன். குழந்தை மாதிரி அழுதார். நான் செய்தது எதுவும் அவர் காதில் ஏறவே இல்லை. அவருக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. நீ சாக வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டேன் என்று அதையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதத்தான் அவுரு கேக்கலியே. வுடுமே" என்றார்.

பழைய மனுஷன் முழுசாகத் திரும்பி வரவில்லை. ஹார்பர் வேலை போயிற்று. கொட்டுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார். குடித்த காலத்தில்கூடக் கோபப்படாதவர், இப்போது சில நாள் தட்டை வீசுகிறார். வீசிவிட்டு, யார் வீசினது என்று கேட்கிறார். நான் பொறுக்கியெடுக்கிறேன். எப்படிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான். ஆண்டவர் உயிரைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அதற்கு அவருக்கு ஆயிரம் தோத்திரம்.

என் சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒருவர் தலையில் அடிபட்டேன் என்று சொன்னால் நம்புங்கள். நூறு தடவை பொய் சொன்னவராக இருந்தாலும் நூற்றியோராவது தடவை நம்புங்கள். வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே கேட்டாலோ, வெளிச்சம் கூசினாலோ, வீட்டு மனிதரை அடையாளம் தெரியாவிட்டாலோ, தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். செபத்தை ஓடிக்கொண்டே சொல்லுங்கள், ஆண்டவருக்குக் கேட்கும். கோபத்தில் ஏதாவது வேண்டிக்கொண்டிருந்தால் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அவர் நம் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இல்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். குழாயடியில் ஒரு பையன் அவர் இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து, மாதாவையே ஏமாத்துன குடிகாரன் போறான்டா என்றான். அவன் மேல் தப்பில்லை, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பான். அவர் வீட்டுக்கு வந்து, அன்னிக்கி நான் குடிச்சேனா சவரி என்று கேட்டார். பெரிய வியாழன் அன்று நான் சொன்னது அவருக்கு நிற்கவில்லை. நான் தினமும் சொல்கிறேன். தினமும் நம்புகிறார், ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. பெண்டாட்டி பாசத்தில் சொல்கிறாள் என்று சில நாள் சந்தேகப்படவும் செய்கிறார்.

இப்போது அவர் கோயில் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். பாட்டுச் சத்தம் தாங்காது என்று உள்ளே வரவில்லை. வெளியே போகும்போது ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அருளப்பா, அன்றைக்கு நீ குடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நாளைக்கும் சொல்லுங்கள், மறந்திருப்பார்.